தமிழில் யோசிக்கட்டும், விடுங்கள்

மும்பையில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே மந்திரத்தைத்தான் ஓதுகிறார்கள்: தமிழில் யோசிக்காதே. தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் கடைக்கு மேல்மாடியில் நடக்கிற டியூஷனானாலும் சரி, செம்பூரில் ஏசி போட்ட அறையில் நடக்கிற ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பானாலும் சரி, முதல் நாள் உபதேசம் இதுதான். கூடவே இரண்டு கட்டளைகள். வீட்டிலும் ஆங்கிலமே பேசு. எதைச் சொன்னாலும் முழு வாக்கியமாகச் சொல். பெற்றோர் கூட்டத்தில் அப்பாவையும் அம்மாவையும் எதிரே உட்காரவைத்து இதையே சொல்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து விடிகாலையில் இட்லி அவித்து விற்றுப் பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் போட்ட ஒரு தாய், 'நாம வீட்டுல தமிழ் பேசுறதாலதான் பிள்ளைக்கு இங்கிலீஷ் வரல போல' என்று தன்னையே நொந்துகொண்டு வீடு திரும்புகிறாள்.

இந்த நம்பிக்கை தவறு. பாதி சரி, பாதி தவறு என்று நாசூக்காகச் சொல்லவும் எனக்கு மனமில்லை. மொத்த ஆங்கில இலக்கணத்தையும் இழுத்துவந்து வாதாட இங்கே இடம் போதாது. அதன் ஒரு சின்ன மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 'இஃப் பாசிபிள்', 'இஃப் நெசஸரி', 'இஃப் எனி', 'இஃப் இன் டவுட்', 'இஃப் அண்டர் எய்ட்டீன்'. 'இஃப்' என்ற சொல்லுக்குப் பின்னால் எழுவாயும் கிடையாது, வினையும் கிடையாது. 'பாசிபிள்' மாதிரி ஒரு பெயரடையோ, 'இன்', 'அண்டர்', 'பை' மாதிரி ஒரு முன்னிடைச்சொல்லோ வந்து நேராக ஒட்டிக்கொள்கிறது. பள்ளி இலக்கணத்தில் யாரும் கண்டுகொள்ளாத சமாசாரம். ஆனால் ஒரு தாராவிக் குடும்பத்துக்கு வந்து சேரும் ஆங்கிலக் காகிதங்களைத் தரையில் பரப்பிப் பாருங்கள்.

தபால் உறையின் முதுகில், ஆள் கிடைக்காவிட்டால் யாரிடம் திருப்ப வேண்டும் என்பதற்கு 'இஃப் அன்டெலிவர்ட்'. விண்ணப்பத்தில் 'மிடில் நேம், இஃப் எனி'. 'இஃப் அப்ளிக்கபிள்' இல்லாத படிவத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். டாக்டர் சீட்டில் காய்ச்சல் மாத்திரைக்கு எதிரே எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும். கப்பல் மூழ்கும்போது அனுப்புகிற அபாயக் குறி என்று நினைத்துப் பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது 'சி ஓபஸ் சிட்' என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். தேவைப்பட்டால் மட்டும் சாப்பிடு என்று அர்த்தம். மூன்று வேளையும் விழுங்க வேண்டுமா, காய்ச்சல் அடித்தால் மட்டும் போதுமா என்பது இந்த மூன்றெழுத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் கட்டுரை எழுதாமல் ஒருவர் ஆயுசு முழுக்க வாழ்ந்துவிடலாம். 'இஃப் எனி' புரியாமல் மும்பையில் ஒரு வங்கிப் படிவத்தைப் பூர்த்திசெய்ய முடியாது.

மாலை நேரத்தில் தாராவிப் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து பாடம் பார்க்கிறவன் நான். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தன் ஆச்சியின் டெபாசிட்டுக்கு வாரிசுதாரர் நியமிக்கும் படிவத்தைக் கொண்டுவந்தாள். டி.ஏ. 1 என்று அதற்குப் பெயர். எல்லா வங்கியிலும் புழங்கிய படிவம். அதில் ஒரு கட்டத்தின் தலைப்பு: 'ரிலேஷன்ஷிப் வித் டெபாசிட்டர், இஃப் எனி'. அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"சார், இதுல வெர்பே இல்ல. தப்பா பிரிண்ட் பண்ணியிருக்காங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏட்டி, அதுல என்னதான் கேக்கான்?"

"ஆச்சிக்குச் சொல்லும்மா, தமிழ்ல" என்றேன்.

ஒரு கணம் படிவத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன உறவுன்னு கேக்காங்க ஆச்சி. உறவு ஏதாவது இருந்தா எழுதணுமாம்" என்றாள். சொல்லி முடித்த கையோடு 'கிராண்ட்டாட்டர்' என்று எழுதினாள்.

பத்து வருஷம் முழு வாக்கியம், முழு வாக்கியம் என்று உருவேற்றியதன் பலன், சரியான ஆங்கிலத்தை அச்சுப்பிழை என்று அவளை நினைக்கவைத்தது. ஆச்சியின் ஒரு கேள்விக்குத் தமிழில் பதில் சொன்னதும் முடிச்சு அவிழ்ந்தது. இதில் எது தடை, எது உதவி?

முழு வாக்கியக் கட்டளையை முதலில் பார்ப்போம். இதற்கு வேதப்புத்தகமாகக் காட்டப்படுவது ரென் அண்டு மார்ட்டின். அந்த ரென், பி.சி. ரென், பழைய பம்பாய் மாகாணத்தில் கல்வித்துறையில் வேலை பார்த்தவர்; 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதிப் பேர்வாங்கியவரும் அவர்தான். ஒப்பிட்டுச் சொல்லும் 'அஸ்', 'தேன்' தொடர்களில் வினைச்சொல்லை விட்டுவிடுவது ஆங்கிலத்தில் சகஜம் என்று அவர் புத்தகமே சொல்கிறது. அண்ணனைவிட உயரம் என்று சொல்லும்போது 'தேன் ஹிஸ் பிரதர்' என்று நிறுத்திவிடலாம், பின்னால் 'இஸ்' வேண்டாம். புத்தகத்தை மேஜைமேல் வைத்து அடிக்கிறவர்கள் அந்தப் பக்கம் வரை புரட்டுவதில்லை போலும். 1985-இல் ராண்டால்ஃப் குவிர்க்கும் கூட்டாளிகளும் வெளியிட்ட பெரிய இலக்கண நூலில் வினையில்லாத் துணைவாக்கியம் என்றே ஒரு வகை பிரித்து விளக்கியிருக்கிறார்கள். ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர்கள் எப்போதும் இப்படித்தான் எழுதிவந்திருக்கிறார்கள். 'இஃப் இட் இஸ் பாசிபிள்' என்பது பிழையில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படியே நீட்டி முழக்குகிறவரின் கடிதம், சட்டைக்கு மேல் சட்டை போட்டவர் நடந்துவருகிற மாதிரி இருக்கும்.

இப்போது தமிழுக்கு வருவோம். 'முடிந்தால் வா' என்கிறோம். யாரால் முடிந்தால்? சொல்வதில்லை. 'சந்தேகம் இருந்தால் கேள்.' யாருக்குச் சந்தேகம்? சொல்வதில்லை. 'தபாலில் என்றால் பத்து நாள் ஆகும்.' அனுப்பினால் என்ற வினையே இல்லை; வேற்றுமை உருபின் தலையிலேயே 'என்றால்' ஏறி உட்கார்ந்துவிட்டது. 'இஃப் பை போஸ்ட்' இதேதான். 'பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் அப்பாவைக் கூட்டிட்டு வா' என்பதில் 'கீழ் என்றால்' எப்படியோ அப்படித்தான் 'இஃப் அண்டர்'. சொல்லாமல் விட்டதைக் கேட்பவன் நிரப்பிக்கொள்ளும் வித்தை, பிள்ளை மூன்று வயதிலேயே அம்மாவிடம் கற்றது. ஆங்கிலத்தில் புதிதாகச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: தமிழில் கடைசியில் வருவது அங்கே முதலில் வரும். ஒரு வகுப்பில் முடிகிற பாடம் இது.

இத்தோடு நின்றால் பாதிதான் சொன்னதாகும். இந்தத் தொடர்களில் நிஜமாகவே சிக்கலான இடம் ஒன்று உண்டு. தொக்கி நிற்கும் எழுவாய் யார்? 'இஃப் பாசிபிள்' என்றால் அங்கே மறைந்திருப்பது ஆள் கிடையாது, பொதுவான 'இட்'. 'இஃப் இன் டவுட், ஆஸ்க்' என்றால் மறைந்திருப்பது 'யூ'. இப்படிப் பொது 'இட்' ஆக இல்லாத இடங்களில், முதன்மை வாக்கியத்தின் எழுவாயே இங்கும் எழுவாயாக இருக்க வேண்டும் என்று ஆங்கிலம் எதிர்பார்க்கிறது. அதனால்தான் 'இஃப் அண்டர் எய்ட்டீன், யுவர் ஃபாதர் மஸ்ட் சைன்' என்று எழுதினால் கறாரான வாசகர் சிரிப்பார். பதினெட்டு நிரம்பாதவர் அப்பா என்றாகிவிடுகிறது.

நம் பிள்ளைகள் இந்த வாக்கியத்தை ஏன் கூச்சமில்லாமல் எழுதுகிறார்கள்? தொல்காப்பியம் பதில் வைத்திருக்கிறது. வினையெச்ச வாய்பாடுகளை அடுக்கும்போது 'செயின்' என்பதையும், அதாவது இன்றைய 'செய்தால்' என்பதையும், ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். அடுத்துச் சொன்னதுதான் நமக்கு வேண்டியது: 'செய்து' முதலான முதல் மூன்றும் தம் வினைமுதலின் வினையைத்தான் கொண்டு முடிய வேண்டும், மற்றவற்றுக்கு அந்தக் கட்டு இல்லை. 'உண்டு வந்தான்' என்றால் உண்டவனும் வந்தவனும் ஒருவனே. 'மழை பெய்யின் குளம் நிறையும்' என்றால் பெய்வது வேறு, நிறைவது வேறு. நன்னூலும் 'செயின்' விஷயத்தில் இதையே சொல்கிறது. ஆக, 'ஆல்' போட்டால் எழுவாய் மாறலாம் என்ற தமிழ்ச் சுதந்திரத்தோடு பிள்ளை ஆங்கிலத்துக்குள் நுழைகிறது, அங்கே அந்தச் சுதந்திரம் இல்லை. இதை விளக்க 'உண்டு வந்தான்', 'பெய்யின் நிறையும்' என்று இரண்டு தமிழ் வாக்கியம் போதும்: ஆங்கில 'இஃப்' துண்டு, உங்கள் 'உண்டு' மாதிரி நடந்துகொள்ளும், 'பெய்யின்' மாதிரி நடந்துகொள்ளாது. இவ்வளவு சுருக்கமாக இதை ஆங்கிலம் மட்டுமே வைத்து யாராவது சொல்லிக்காட்டட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

தமிழ் குறுக்கிடுகிறது என்பதற்குச் சாட்சியாக அவர்கள் கொண்டுவரும் பிழைகளை நானும் அறிவேன். 'யூ வான்ட் மீன்ஸ் டெல் மீ.' 'ரெயின் மீன்ஸ் நோ ஸ்கூல்.' வகுப்பே சிரிக்கும். சிரிக்கிறவர்கள் ஒரு நிமிஷம் யோசித்தால் தெரியும், அந்தப் பிள்ளை 'என்றால்' என்பதை அதன் இடம் மாறாமல் பெயர்த்து வைத்திருக்கிறது. நிபந்தனை எங்கே முடிகிறது, விளைவு எங்கே தொடங்குகிறது என்று அதற்குத் துல்லியமாகத் தெரிகிறது. தெரியாதது, 'என்றால்' எந்தப் பெயர்ச்சொல்லோடும் சேரும், 'இஃப்' சேராது என்பது மட்டும். 'மழை என்றால்' சரி; 'இஃப் ரெயின்' கூடாது, 'இஃப் இட் ரெயின்ஸ்' என்றே வர வேண்டும். 'இஃப் எ மைனர்' மட்டும் எப்படிச் சரி? அங்கே 'ஹீ இஸ்' மறைந்திருக்கிறது, மழைக்குப் பின்னால் அப்படி யாரும் மறைந்திருக்கவில்லை. 'இஃப் இன் கேஸ்' என்று இரட்டிப்பதும் 'சப்போஸ் இஃப்' என்று தொடங்குவதும் 'ஒருவேளை வந்தால்' என்பதன் நிழல். தமிழில் 'ஒருவேளை'யும் 'ஆல்'உம் சேர்ந்துதானே வருகின்றன? காரணம் தெரிந்த பிழையைத் திருத்தலாம். தமிழில் யோசிக்காதே என்று சொல்லிவிட்டால், காரணத்தைப் பார்க்கும் கண்ணைப் பிடுங்கியதாகிறது. பிள்ளை தமிழில் யோசிப்பதை அதனால் நிறுத்திவிடப் போவதில்லை. வெளியே சொல்வதைத்தான் நிறுத்தும்.

அடுத்து மாட்டுங்காவைக் காட்டுவார்கள். அந்தக் காலத்து மாட்டுங்காத் தமிழர்கள் எப்படி ஆங்கிலம் எழுதினார்கள் பாருங்கள், ஆங்கிலத்திலேயே ஊறினதால்தானே? பார்க்கத்தான் வேண்டும். தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் டைப்பும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு பம்பாய்க்கு ரயிலேறியவர்கள் அவர்கள். 1932-இல் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விக் கழகம், அதாவது எஸ்.ஐ.இ.எஸ்., தொடங்குவதற்கு முன்னமே ஊரில் தாய்மொழியில் எழுத்தறிந்து, மொழிபெயர்ப்புப் பயிற்சியோடு ஆங்கிலம் கற்றவர்கள் அவர்களில் பலர். வீட்டில் ஒரு நாளும் ஆங்கிலம் பேசியதில்லை. கச்சேரியும் காய்கறிப் பேரமும் தமிழில்தான். ஆபீசில் துரை சொல்லச் சொல்ல பிட்மன் சுருக்கெழுத்தில் எழுதினார்கள். பிட்மன் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு: அடிக்கடி வரும் தொடர்களைச் சொல் சொல்லாகப் பிரிக்காமல் ஒரே இழுப்பில் எழுத வேண்டும். 'அஸ் சூன் அஸ் பாசிபிள்' என்பதை நான்கு சொல்லாக எழுதுகிறவர் ஸ்டெனோ வேலைக்கு லாயக்கில்லை. துண்டுத் தொடரை முழுசாக விழுங்கிச் செரித்த கைகள் அவை. 1960-களில் 'மார்மிக்' என்ற மராத்தி இதழ் தென்னிந்தியப் பெயர்களாகப் பட்டியல் போட்டு, ஆபீஸ் நாற்காலிகளை இவர்களே பிடித்துக்கொண்டார்கள் என்று மராத்தியர்களைக் கிளப்பிவிட்ட அளவுக்கு அந்த ஆங்கிலம் சோறு போட்டது. மாட்டுங்காவைச் சாட்சிக்கு அழைத்தால் அது என் பக்கம்தான் பேசும்.

சரி, வகுப்பில் தாய்மொழிக்கு இந்தத் தடை எங்கிருந்து வந்தது? 1878-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்தில் மாக்ஸிமிலியன் பெர்லிட்ஸ் மொழிப்பள்ளி தொடங்கினார். அவர் அமர்த்திய பிரெஞ்சு ஆசிரியருக்கு ஆங்கிலம் தெரியாது. மாணவர்களின் மொழியைத் தொடாமலே பாடம் நடத்த வேண்டியதாயிற்று. ஆசிரியருக்கு இருந்த போதாமை வியாபாரத்துக்கு ஒரு முறையாக மாறியது. 1961-இல் உகாண்டாவின் மக்கரேரேயில் நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்குப் பிறகு, ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிப்பதே சிறந்தது என்பது காலனி நாடுகளுக்கான கொள்கையாகப் பரவியது. ராபர்ட் பிலிப்சன் 1992-இல் எழுதிய நூலில் இதை ஒருமொழி மாயை என்று பெயர் சொல்லித் தாக்கினார். நைன்ட்டி ஃபீட் ரோட்டு மாடியில் பாடம் நடத்துகிறவருக்குத் தமிழ், மராத்தி, இந்தி, ஆங்கிலம் நான்கும் தெரியும். தெரிந்த மூன்றைப் பூட்டிவைத்துவிட்டுத் தெரியாதவர் மாதிரி நடிக்கிறார். அதற்குக் காசும் வாங்குகிறார்.

விவரம் தெரிந்த சிலர் என்.எஸ். பிரபுவைச் சொல்வார்கள். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பகுதிப் பள்ளிகளில் அவர் நடத்திய சோதனையில் இலக்கண விதிகளைச் சொல்லாமல், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து ஆங்கிலம் கற்பித்தார்கள். இலக்கணமே வேண்டாம் என்றவரிடம் தொல்காப்பியத்தைக் கொண்டுபோவாயா என்று கேட்கிறார்கள். பிரபு காட்டியது, மனம் அர்த்தத்தில் இருக்கும்போது மொழி தானாக ஏறும் என்பது. டி.ஏ. 1 படிவத்தைவிட அர்த்தத்தில் மனம் குவியும் பாடம் எது? ஆச்சியின் பணம் அதில் இருக்கிறது.

எதிர்த்தரப்பில் மதிக்கத்தக்க வாதம் ஒன்றுதான். தாராவி வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் இல்லை. கும்பர்வாடாவின் குஜராத்திக் குயவர் வீட்டுப் பிள்ளை உண்டு, உத்தரப் பிரதேசத்துப் பிள்ளை உண்டு, மராத்தி, உருதுப் பிள்ளைகள் உண்டு. எந்தத் தாய்மொழியில் விளக்குவது? எல்லாவற்றிலும் என்பேன். மராத்திப் பிள்ளை 'ஷக்ய அஸல்யாஸ்' என்று சொல்லும். இந்திப் பிள்ளை 'ஹோ சகே தோ' என்று சொல்லும். நம் பிள்ளை 'முடிஞ்சா' என்று சொல்லும். மூன்றையும் போர்டில் எழுதி நான்காவதாக 'இஃப் பாசிபிள்' எழுதினால், எது எங்கே நிற்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு பயிற்றுமொழிகளில் பள்ளி நடத்துகிற நகரம் இது. அந்தத் தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் ஏழாம் வகுப்போடு முடிந்ததால், தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை எட்டாம் வகுப்பில் திடீரென்று வேறு மொழிக்குத் தாவ வேண்டியிருந்தது. அந்தத் தாவலில் கால் இடறியவர்களைப் பார்த்துத்தான் பெற்றோர்கள் தமிழையே பழித்தார்கள். இடறியது பாலம் இல்லாததால். அந்தப் பழி தமிழ்மேல் விழுந்தது.

பெற்றோரின் ஆங்கில ஆசையை நான் குறை சொல்லவில்லை. அது வயிற்றுப்பாட்டு அறிவு. இப்போது இன்னும் கூர்மையாகியிருக்கிறது: 2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து வீட்டுக்கு வீடு காகிதம் தேடுகிறார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருந்தால் ஒரு கதி, அதற்குப் பின் வந்திருந்தால் வேறு கதி, தரைத்தளம் என்றால் ஒன்று, மாடி என்றால் இன்னொன்று. ஒரு குடும்பத்தின் கூரையே 'ஆல்' என்ற விகுதியில் தொங்குகிறது. இந்த நேரத்தில் நிபந்தனைத் தொடரைப் படித்து அர்த்தம் சொல்லத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு வேண்டும். குட் மார்னிங், ஹவ் ஆர் யூ என்று முழு வாக்கியத்தில் குசலம் விசாரிக்கத் தெரிந்தால் போதாது.

ஆசிரியர்களிடம் கேட்பது இவ்வளவுதான். வாரத்தில் ஒரு வகுப்பு, பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பிள்ளைகளின் வீட்டில் கிடக்கும் மருந்துச் சீட்டையும் வங்கிப் படிவத்தையும் தபால் உறையையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு 'இஃப்'புக்குப் பின்னாலும் யார் மறைந்திருக்கிறார் என்று அவரவர் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும். பெற்றோரே, வீட்டில் தமிழ் பேசுங்கள், குற்ற உணர்ச்சி இல்லாமல் பேசுங்கள். பிள்ளையின் ஆங்கிலம் உங்களால் கெட்டது என்று இனி யாராவது சொன்னால், ஒரு டி.ஏ. 1 படிவத்தை நீட்டி, 'இஃப் எனி'க்கு அர்த்தம் சொல்லுங்கள் என்று அவரையே கேளுங்கள்.